படைக்கலச் சாலையில் பிறந்த அமைதிப் பாட்டு

இங்கிலாந்து நாட்டின் வடபகுதியில் லீட்ஸ் என்னும் தொழில் நகரம் உளது. அந்நகரில், ஏர் என்னும் ஆற்றின் பக்கத்தே, 1996ஆம் ஆண்டில் பெரியதொரு காட்சிச் சாலை திறக்கப்பெற்றது. அரச படைக்கலச் சாலை என்பது அதன் பெயர். பல நூற்றாண்டுகளாக இலண்டன் கோபுரக் கோட்டையில் காக்கப்பெற்று வந்த படைக்கலங்களுட் பல இப்பொழுது இங்கே இடம் பெற்றுள்ளன. வாளும் வேலும், வில்லும் அம்பும், துப்பாக்கியும் பீரங்கியும் வரிசை வரிசையாக விளங்குகின்றன. அவற்றினிடையே காண்போரை வியப்பில் ஆழ்த்துவது ஒரு யானைக் கவசம். ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்கு முன் இந்தியாவில் செய்யப்பட்ட அக்கவசத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தகடுகள் கோக்கப்பட்டுள்ளன. அதன் எடை 118 கிலோ. அதனை 1801ஆம் ஆண்டில் இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றவர், அந்நாளில் சென்னை ஆளுநராய் இருந்த எட்வர்டு கிளைவின் மனைவியார் ஆவார்.

மனிதன் தன்னைக் காத்துக்கொள்ளவும் பிறரை அழிக்கவும் எவ்வளவு அறிவைச் செலவிட்டிருக்கிறான் என்பதை அச்சாலையில் ஒரு நாள் சுற்றி வந்தால் அறியலாம். அத்தகைய இடத்திலிருந்து ஓர் அமைதிப் பாட்டுப் பிறந்தது என்றால் நம்புவது அரிது. ஆயினும் அஃது உண்மை. அதியமானுக்காகத் தூது சென்று தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைக் கண்ட ஔவையாரின் வரலாற்றை நாம் அறிவோம். படைக்கலங்களை நெடுநாள் பார்த்துப் பழகியவர்க்கே போரின் விலை தெரியும் போலும்!

இந்தப் படைக்கலச் சாலையின் தலைவராய் இருந்தவர் கய் வில்சன் என்பவர். கி. பி. 2000ஆம் ஆண்டு நெருங்கியபொழுது அவர் ஓர் எண்ணம் கொண்டார். கழிந்துபோன நூற்றாண்டோ போர்கள் மலிந்த நூற்றாண்டு. புதிய ஆயிரத்தாண்டை வரவேற்கும் வேளையில் போரையும் அமைதியையும் எண்ணிப் பார்க்கச் செய்யும் பேரிசை ஒன்று வேண்டும் என அவர் கருதினார். பாடலுக்குரிய பகுதிகளைப் பல நாட்டு நூல்களிலிருந்து அவரே தேர்ந்தெடுத்தார். இசையமைக்கும் பொறுப்பு கார்ல் ஜென்கின்ஸ் என்பவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

இசையமைப்பாளர்

கார்ல் ஜென்கின்ஸ் 1944ஆம் ஆண்டில் வேல்ஸ் நாட்டிலே, கவர் தீபகற்பத்தில் உள்ள ஒரு சிற்றூரில் பிறந்தார். அவருடைய தந்தையார் பள்ளி ஆசிரியர், ஊர்க் கோவிலில் ஆர்கன் வாசிப்பவர், பாடற்குழுவைப் பழக்குபவர். ஜென்கின்ஸின் முதல் இசையாசிரியரும் அவரே. வேல்ஸ் மக்கள் சேர்ந்து பாடுவதில் பெருவிருப்பம் உடையவர்கள். சுரங்கத் தொழிலாளரும் மீனவரும் கோவிலிற் கூடி, எழுத்துப் பிழையின்றிப் பல குரல்களிற் பாடும் வழக்கம் அந்நாட்டில் வேரூன்றியது. அச்சூழலில் வளர்ந்த சிறுவன் பின்னர்க் கார்டிஃப் பல்கலைக்கழகத்திலும், இலண்டன் அரச இசைக் கழகத்திலும் பயின்றான். ஜாஸ் இசைக் குழுக்களில் வாசித்தும், விளம்பரங்களுக்கு இசையமைத்தும் பல ஆண்டுகள் கழிந்தன. எளிய மக்களின் செவிக்கு எது இனிக்கும் என்பதை அத்தொழில்கள் அவருக்குக் கற்பித்தன. 2015ஆம் ஆண்டில் அவருக்குச் 'சர்' பட்டம் அளிக்கப்பெற்றது.

ஜென்கின்ஸ் இவ்விசையை இயற்றிக்கொண்டிருந்த காலத்தில், ஐரோப்பாவின் தென்கிழக்கே கொசோவோ என்னும் நிலப்பகுதியில் கொடும்போர் நடந்தது. நூறாயிரக்கணக்கான மக்கள் வீடு வாசல் இழந்து ஓடினர், பல்லாயிரவர் மாண்டனர். நாள்தோறும் அச்செய்திகளைக் கேட்டுக்கொண்டே அவர் இசையெழுதினார். கொசோவோவில் துன்புற்றோர்க்கே அதனை உரிமையாக்கினார். 'ஆயுதம் தரித்த மனிதன்: அமைதிக்கான திருப்பலி' என்பது அப்பேரிசையின் பெயர். 2000ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்கள் 25ஆம் நாள் இலண்டன் ஆல்பர்ட் மாமன்றத்தில் அது முதன்முதலாக அரங்கேறியது. பிரிட்டனின் தேசிய இளைஞர் பாடற்குழுவினர் பாடினர்; ஜூலியன் லாயிட் வெப்பர் என்னும் புகழ்பெற்ற கலைஞர் செல்லோ வாசித்தார்.

பழம்பாட்டும் திருப்பலியும்

திருப்பலி என்பது கத்தோலிக்கக் கிறித்தவரின் தலையாய வழிபாடு. அவ்வழிபாட்டில் என்றும் மாறாமல் வரும் சில மன்றாட்டுகள் உள. இரக்கம் வேண்டுவது ஒன்று. இறைவனின் தூய்மையைப் போற்றுவது ஒன்று. அவன் பெயரால் வருபவரை வாழ்த்துவது ஒன்று. உலகின் பாவம் போக்கும் செம்மறியை நோக்கி அமைதி வேண்டுவது ஒன்று. ஐரோப்பிய இசைவாணர் பலர் இம்மன்றாட்டுகளுக்குத் தத்தம் திறமெல்லாம் காட்டி இசையமைத்துள்ளனர்.

பதினைந்தாம் நூற்றாண்டில் பிரெஞ்சு நாட்டில் ஒரு நாட்டுப் பாட்டு வழங்கியது. ஆயுதம் ஏந்தியவனைக் கண்டு அஞ்சவேண்டும் என்பதும், ஆகவே ஒவ்வொருவனும் இரும்புச் சட்டை பூணவேண்டும் என்பதும் அதன் கருத்து. தெருவிற் பாடப்பட்ட அம்மெட்டை இசைவாணர் எடுத்துத் திருப்பலி இசைக்கு அடிப்படையாக வைத்தனர். தூஃபாய், ஜோஸ்கின், பாலஸ்திரீனா முதலிய பெரும்புலவர்கள் உட்பட நாற்பதுக்கு மேற்பட்டோரின் படைப்புகள் அம்மெட்டின்மேல் எழுந்தன. அச்சத்தைப் பாடும் மெட்டும் அருளை வேண்டும் மொழியும் இவ்வாறு ஒன்றாயின. ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின் ஜென்கின்ஸ் எடுத்துக்கொண்டதும் அம்மெட்டே.

ஆயினும் அவர் வழிபாட்டு மன்றாட்டுகளோடு நின்றுவிடவில்லை. பதின்மூன்று பகுதிகளைக் கொண்ட அவ்விசையில், இசுலாமியரின் தொழுகை அழைப்பு வருகின்றது. எபிரேயரின் சங்கீதங்கள் வருகின்றன. ஆங்கிலப் புலவரின் கவிதைகளும் ஜப்பானியக் கவிதையும் வருகின்றன. நம் மாபாரதமும் வருகின்றது. ஒரு சமயத்தின் வழிபாடு பல சமயத்தாரும் கூடி நிற்கும் மன்றமாக விரிகின்றது.

போரை நோக்கி நடத்தல்

மேடையில் பல்லியக் குழுவும், அதன் பின்னே பாடற்குழுவும் அமர்ந்துள்ளன. பாடுவோர் நான்கு வகையினர். பெண்களுள் மேற்குரல், கீழ்க்குரல் என இரு வகை. ஆண்களுள்ளும் அவ்வாறே இரு வகை. நால்வகைக் குரலும் ஒரே வேளையில் வேறு வேறு சுரங்களைப் பாடி ஒன்றோடொன்று பொருந்துவது மேனாட்டு இசையின் சிறப்பியல்பு.

முதலிற் கேட்பது பாட்டன்று, காலடி ஓசை. படைவீரர் நடந்து வருகின்றனர். சிறு முரசு ஒலிக்கின்றது. கூரிய குழல் இசைக்கின்றது. பிறகு அப்பழைய பிரெஞ்சுப் பாட்டு எழுகின்றது. கேட்போரின் கால் தம்மையறியாமல் தாளம் போடத் தொடங்குகின்றது. இங்கேதான் ஜென்கின்ஸின் நுட்பம் உளது. போர் கொடிது என்று அவர் எடுத்த எடுப்பில் உபதேசம் செய்யவில்லை. போர் முழக்கம் நம் நெஞ்சுக்கு எவ்வளவு இனியது என்பதை முதலில் நமக்கே காட்டிவிடுகிறார்.

அடுத்துத் தொழுகைக்கு அழைக்கும் குரல் தனித்து ஒலிக்கின்றது. அதன்பின் இரக்கம் வேண்டும் மன்றாட்டு. குருதி சிந்துவோரிடமிருந்து காக்குமாறு இறைவனை வேண்டும் சங்கீதத்தை ஆடவர் குரல்கள் பழைய துறவியர் முறையில் பாடுகின்றன. பின்வரும் தூய்மைப் போற்றியிலோ முரசின் அச்சுறுத்தல் அடியிலே கேட்டுக்கொண்டே இருக்கின்றது. பம்பாயிற் பிறந்த ஆங்கிலப் புலவர் கிப்ளிங் 1896ஆம் ஆண்டில் எழுதிய போர்முன் வேண்டுதலும் தொடர்கின்றது. இறைவனின் பெயரைச் சொல்லிக்கொண்டே மனிதன் போர்க்களத்தை நெருங்குகிறான். வழிபடும் வாயும் படை ஏந்தும் கையும் ஒருவனுடையவையே என்பதை இசை நமக்கு உணர்த்துகின்றது.

ஏழாம் பகுதி போர்ப் பாய்ச்சல். எக்காளமும் முரசும் சேர்ந்து அழைக்கும் டிரைடனின் பாட்டும், நாட்டுக்காக உயிர் விடுபவனின் பேற்றைப் புகழும் சுவிஃப்டின் ஓரடியும் இங்கே ஒலிக்கின்றன. இசை விரைகின்றது, முழக்கம் பெருகுகின்றது, முடிவில் பாட்டே சிதைந்து கூக்குரலாய் மாறுகின்றது. பாடற்குழுவினர் பாடுவதை விட்டு அலறுகின்றனர். திடீரென்று எல்லாம் அடங்குகின்றது. மன்றம் முழுவதும் பேரமைதி. வெற்றியாளனின் ஆரவாரம் இல்லை. வென்றவன் யார் என்ற செய்தியும் இல்லை. நெடுநேரம் கழிந்ததுபோல் தோன்றிய பின், மாண்ட வீரரை அடக்கும்பொழுது ஊதப்படும் எக்காளம் தனியே ஒலிக்கின்றது. சற்றுமுன் தாளம் போட்ட கால்கள் இப்பொழுது நாணி நிற்கும்.

இரு நெருப்புகள்

எட்டாம் பகுதி ஹிரோஷிமாவைப் பாடுவது. 1945ஆம் ஆண்டு ஆகத்துத் திங்கள் 6ஆம் நாள் அந்நகரின்மேல் அணுகுண்டு வீசப்பட்டபொழுது அங்கே இருந்து உயிர் தப்பியவர் தோகே சங்கிச்சி என்னும் கவிஞர். தாம் கண்ட கொடுமையைக் கவிதைகளாக்கி 1951ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். 1953ஆம் ஆண்டில் தம் முப்பத்தாறாம் வயதில் மறைந்தார். அவர் கவிதையொன்றே இங்கே இசை பெற்றுள்ளது.

ஒன்பதாம் பகுதி மாபாரதத்தில் வரும் காண்டவ வனம் எரிந்த செய்தி. தீக்கடவுளின் பசியைத் தீர்க்கக் கண்ணனும் அருச்சுனனும் துணை நிற்க, காடு முழுவதும் எரிந்தது. வில்லிபுத்தூராரின் பாரதத்தில் காண்டவ தகனச் சருக்கம் என இக்கதை அமைந்துள்ளது. வில்வீரனின் ஆற்றலை வியந்தே நாம் அதனைப் படிப்பது வழக்கம். வில்சனோ எரிந்த உயிர்களின் பக்கம் நின்று அதனைப் படித்தார். ஓட வழியின்றி வெந்த விலங்குகளும், சிறகு கருகி வீழ்ந்த பறவைகளும், கொதிக்கும் நீரில் மாண்ட மீன்களும் அவர் கண்ணிற் பட்டன. ஹிரோஷிமாவின் நெருப்பையும் காண்டவத்தின் நெருப்பையும் அடுத்தடுத்து வைத்தபொழுது, இரண்டிற்கும் இடைப்பட்ட ஆயிரமாயிரம் ஆண்டுகள் மறைந்துபோயின. படைக்கலம் மாறிற்று, வெந்து மடியும் உயிரின் துன்பம் மாறவில்லை.

அதன்பின் செம்மறியை நோக்கிய மன்றாட்டு மெல்ல எழுகின்றது. அடுத்த பகுதிக்குரிய கவிதையை இயற்றியவர் வில்சனே. துப்பாக்கிகள் ஓய்ந்துவிட்டன, ஒருவர் மட்டும் பிழைத்திருக்கிறார், உடன் சென்ற நண்பர் திரும்பவில்லை. பெண் குரல் ஒன்று தனித்து நின்று அத்துயரைப் பாடுகின்றது. உயிர் பிழைத்ததும் ஒரு சுமையாகும் என்பதைப் போர் கண்டவர் அறிவர்.

செல்லோவின் குரல்

இனி, இப்பேரிசையில் யாவரும் போற்றும் பன்னிரண்டாம் பகுதி வருகின்றது. இங்கே முதலிற் பேசுவது மனிதக் குரலன்று. செல்லோ என்னும் தந்திக் கருவி.

செல்லோ வயலினின் உறவுக் கருவி. ஆனால் உருவிற் பெரியது. வாசிப்பவர் நாற்காலியில் அமர்ந்து, கருவியின் அடியிலுள்ள முனையைத் தரையில் ஊன்றி, முழங்கால்களுக்கிடையே அதனை நிறுத்திக்கொண்டு வில்லை இழுப்பார். அதற்குத் தந்திகள் நான்கு. ஒரு தந்திக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி சட்சத்துக்கும் பஞ்சமத்துக்கும் உள்ள இடைவெளியே. பண்டைத் தமிழிசையார் அவற்றைக் குரல், இளி என்றனர். ஆடவரின் தாழ்ந்த குரல் முதல் பெண்டிரின் உயர்ந்த குரல் வரை செல்லோவில் அடங்கும். மார்போடு சாய்த்து வாசிக்கப்படுவதால், அதன் அதிர்வு வாசிப்பவரின் உடலிலும் பரவும். மனிதக் குரலுக்கு மிக நெருங்கிய கருவி செல்லோ எனப் பலர் கூறுவதற்கு இவை காரணம்.

பல்லியக் குழுவின் ஏனைய தந்திக் கருவிகள் மிக மெல்லிய ஒலியைத் தரையாக விரிக்கின்றன. அதன்மேல் செல்லோ நெடியதொரு மெட்டை இசைக்கின்றது. அவசரம் இல்லை, அலங்காரம் இல்லை. நோயுற்ற குழந்தையின் தலையைத் தாய் வருடுவதுபோல் ஒவ்வொரு சுரமும் மெல்ல ஏறி மெல்ல இறங்குகின்றது. இதுவரை பன்மொழியிற் பாடிய பாடற்குழு வாய் திறவாது கேட்டிருக்கின்றது.

ஏன் இவ்விடத்தில் சொல்லில்லாத ஒரு கருவி? எண்ணிப் பார்த்தால் காரணம் விளங்கும். இதுவரை சொற்களே ஆண்டன. படை எழுக என்றவையும் சொற்கள். வெற்றி தருக என இறைவனிடம் வேண்டியவையும் சொற்கள். மாண்டோரைப் புகழ்ந்தவையும் சொற்கள். அவை யாவும் முடிந்து, நண்பனை இழந்தவரின் புலம்பலும் ஓய்ந்த பின், எந்தச் சொல் ஆறுதல் தரும்? எம்மொழியிற் பேசினாலும் அது ஒரு பக்கத்தாரின் மொழியாய் இருக்கும். செல்லோவுக்கு நாடில்லை, சமயமில்லை, பகையுமில்லை. ஆகவே இரு பக்கத்தாரின் துயரையும் அதனால் ஏற்க முடிகின்றது.

மெட்டு ஒரு முறை முடிந்ததும் பாடற்குழு மெல்லத் தொடங்குகின்றது. செல்லோ கற்பித்த மெட்டையே அது பாடுகின்றது. இறைவன் பெயரால் வருபவரை வாழ்த்தும் மொழி அம்மெட்டோடு சேர்கின்றது. ஆசிரியர் ஒரு முறை பாடிக் காட்ட, மாணவர் கேட்டுப் பின் பாடும் முறை இதுவன்றோ? கேட்ட பின்னரே பாட்டு. இடையில் முரசுகள் முழங்கப் பெருங்குரலில் புகழ்ப்பாட்டு ஒன்று எழுகின்றது. முன்னே போருக்கு அழைத்த முரசே இப்பொழுது மகிழ்ச்சிக்கு முழங்குகின்றது. பின்னர் அதுவும் அடங்கி, தொடக்கத்து மென்மை மீள்கின்றது.

இறுதிப் பகுதியில் ஆயுதம் தரித்த மனிதனின் பழம்பாட்டு மீண்டும் வருகின்றது. ஆனால் இம்முறை என்றும் போரினும் அமைதியே நன்று என்னும் மாலோரியின் கருத்து அதனோடு மோதுகின்றது. பழமை ஒழிந்து புதுமை புகுக என மணிகளை நோக்கிப் பாடும் டென்னிசனின் பாட்டும் சேர்கின்றது. முடிவில் எல்லாக் கருவிகளும் ஓய்கின்றன. கருவித் துணையின்றி மனிதக் குரல்கள் மட்டும், துன்பமும் கண்ணீரும் இறப்பும் இல்லாத ஒரு நாளைப் பற்றிய விவிலியத்தின் நம்பிக்கையை மெல்லப் பாடி நிறுத்துகின்றன.

இசையால் ஆவது என்ன?

இவ்விசையின் ஒலித்தட்டு 2001ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 10ஆம் நாள் வெளியாயிற்று. மறுநாள் நியூயார்க் நகரத்தின் இரட்டைக் கோபுரங்கள் தகர்க்கப்பட்டன. அதனைத் தொடர்ந்து புதிய போர்கள் மூண்டன. அமைதிக்காக ஓர் இசை வெளியான மறுநாளே இவ்வாறு நிகழ்ந்தது என்றால், இசையால் என்ன பயன் என்று சிலர் கேட்கலாம். கேட்கத்தக்க வினாவே அது.

இசை போரை நிறுத்தாது. ஒரு துப்பாக்கியையும் அது பிடுங்கி எறியவில்லை. ஆயினும் துன்புற்ற மக்கள் பலர் அதனை நாடிச் சென்றனர். பல நாடுகளில் ஆயிரக்கணக்கான முறை அது பாடப்பட்டுள்ளது. பாடியவருட் பெரும்பாலோர் இசையைத் தொழிலாகக் கொண்டவரல்லர். பள்ளி மாணவரும், ஊர்ப் பாடற்குழுவினருமே. முதல் உலகப் போர் முடிந்து நூறாண்டு நிறைந்ததை நினைவுகூர, 2018ஆம் ஆண்டில் பெர்லின் நகரத்தில் பல நாட்டினர் ஏறத்தாழ இரண்டாயிரவர் ஒருங்கு கூடி இதனைப் பாடினர். ஒருவரையொருவர் கொன்ற வீரர்களின் பெயரர்களும் அவர்தம் மக்களும் ஒரே மெட்டில் குரல் சேர்த்தனர்.

சேர்ந்து பாடுவோன் தன் குரலை மட்டும் உயர்த்தினால் பாட்டுக் கெடும். பக்கத்தில் நிற்பவன் பாடுவதைக் கேட்டுக் கேட்டே தன் குரலை அளந்து விடவேண்டும். வேறு சுரம் பாடுபவனைப் பகைவன் என எண்ணாது, அவன் சுரத்தோடு தன் சுரம் பொருந்தும் இடத்தைத் தேடவேண்டும். அமைதிக்கு வேண்டிய பயிற்சி இதனினும் வேறு உண்டோ?

இரும்புச் சட்டை பூண்ட மனிதன் எங்கோ தொலைவில் இல்லை. முரசு கேட்டுத் தாளம் போட்ட நம்முள்ளேயே அவன் இருக்கிறான். அவன் ஒரு கணம் படைக்கலத்தைக் கீழே வைத்துச் செவி சாய்க்கும்பொழுது செல்லோவின் குரல் கேட்கின்றது. அக்குரலைக் கேட்கப் பழகுவோமாக.

வினாக்கள்

1. அரச படைக்கலச் சாலையிலுள்ள யானைக் கவசத்தைப் பற்றி எழுதுக.
2. பழைய பிரெஞ்சுப் பாட்டின் கருத்து யாது? இசைவாணர் அதனை எவ்வாறு பயன்படுத்தினர்?
3. ஹிரோஷிமாவையும் காண்டவ வனத்தையும் அடுத்தடுத்து வைத்ததன் நோக்கம் யாது?
4. பன்னிரண்டாம் பகுதியைச் செல்லோ தொடங்குவதற்கு ஆசிரியர் கூறும் காரணத்தை விளக்குக.
5. 'இசை போரை நிறுத்தாது.' எனின் அதன் பயன் யாது? உம் கருத்தை ஒரு பக்க அளவில் எழுதுக.